ஸ்க்ரோல் சா: பிளேடு வளையாமல் அறுப்பது எப்படி

ஸ்க்ரோல் சா என்பது மெல்லிய பிளேடால் மரத்தில் வளைவுகளையும் நுணுக்கமான வடிவங்களையும் அறுக்கும் மேசை இயந்திரம். அதன் ஐந்தாம் எண் பிளேடின் அகலம் ஏறத்தாழ 1 மி.மீ. தடிமன் 0.4 மி.மீ. நீளம் 130 மி.மீ. இதன் இரு முனைகளையும் இறுக்கிப் பிடித்து, நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் மேலும் கீழுமாக ஓடவிட்டு, எதிரே மரத்தைக் கொண்டுபோய்த் தள்ளுகிறோம். இவ்வளவு மெல்லிய தகடு பக்கவாட்டில் கொஞ்சம் அழுத்தம் பட்டாலே வளைந்துவிடும். கோடு விலகுகிறது, அறுத்த பக்கம் செங்குத்தாக இல்லை, மரம் கருகுகிறது, பிளேடு பட்டுப் பட்டென்று அறுந்துபோகிறது என்று புதிதாக வருபவர்கள் வைக்கும் புகார்களில் முக்கால்வாசி இந்த வளைவில்தான் தொடங்குகின்றன. பலர் கைப்பழக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள், சிலர் விலை கூடிய இயந்திரத்துக்குப் போவார்கள். இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டியவை வேறு.

இயந்திரம்

எந்தக் கம்பெனி என்பதற்கு முன்னால், அது எந்த மாதிரி பிளேடைப் பிடிக்கிறது என்று பாருங்கள். ஒரு வகை பிளேடில் இரு முனையிலும் குறுக்காக ‘பின்’ எனப்படும் சின்னக் கம்பி ஒன்று இருக்கும். மாட்டுவது எளிது, கொக்கியில் வைத்தால் போதும். ஆனால் மரத்தின் உட்பகுதியை வெட்டி எடுக்க, முதலில் துளை போட்டு அதன் வழியாக பிளேடை நுழைக்க வேண்டும். பின் நுழைய வேண்டுமானால் துளை 5 மி.மீ. அளவுக்காவது வேண்டும். நுணுக்கமான ஜாலி வேலையில், அதாவது பலகையில் பல ஓட்டைகள் வெட்டிப் பின்னல் போலச் செய்யும் வேலையில், வெட்டி எடுக்கிற துண்டே சில இடங்களில் அவ்வளவு பெரிதாக இருக்காது. போதாக்குறைக்கு, பின் பிளேடுகள் சில அளவுகளில் மட்டுமே வருகின்றன, அவையும் அகலமானவை. ஆகவே பின் இல்லாத, மொட்டை முனை பிளேடைப் பிடிக்கும் இயந்திரமே நீண்ட நாளைக்கு உதவும்.

அடுத்தது பிளேடு மாற்றும் விதம். ஜாலி வேலையில் ஐம்பது துளை இருந்தால் ஐம்பது தடவை பிளேடின் ஒரு முனையைக் கழற்றி மாட்ட வேண்டும். அதற்கு ஒவ்வொரு தடவையும் ஆலன் கீ (ஆறுமூலைத் திருகுசாவி) தேட வேண்டிய இயந்திரம் ஒரே வாரத்தில் வெறுத்துவிடும். கையால் திருகும் பிடியும், மேல் கரத்தைத் தூக்கி நிறுத்தும் வசதியும் இருந்தால் வேலை ஓடும்.

16 அங்குல இயந்திரம், 20 அங்குல இயந்திரம் என்பதெல்லாம் பிளேடிலிருந்து பின்னால் உள்ள தூண் வரை இருக்கும் இடைவெளி. பொழுதுபோக்கு வேலைக்கு 16 தாராளம். பெரிய பெயர்ப்பலகை செய்பவர்களுக்குத்தான் 20, 30 எல்லாம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி மட்டும் கட்டாயம் வேண்டும். டிவால்ட் டிடபிள்யூ788 மாதிரியான நடுத்தர இயந்திரத்தில் நிமிடத்துக்கு 400 முதல் 1750 ஓட்டம் வரை வைக்கலாம். ஓட்ட நீளம், அதாவது பிளேடு ஒரு தடவையில் ஏறி இறங்கும் தூரம், முக்கால் அங்குலம் (19 மி.மீ.).

இந்த 19 மி.மீ. என்ற கணக்கை மறந்துவிடக் கூடாது. 3 மி.மீ. பிளைவுட்டை அறுக்கும்போது பிளேடின் மொத்த நீளத்தில் 22 மி.மீ. மட்டுமே மரத்தைத் தொடுகிறது. மீதிப் பற்கள் புத்தம் புதிதாகவே இருக்கும். அந்தப் பகுதி மழுங்கியதும் பிளேடைத் தூக்கி எறிவதற்குப் பதில், நடுவில் சின்னத் துளை போட்ட 18 மி.மீ. பலகை ஒன்றை மேசையின் மேல் இருபக்க டேப்பால் ஒட்டிவிட்டால், மரம் உயர்ந்து அதே பிளேடில் புதுப் பற்கள் வேலைக்கு வரும்.

அதிர்வு இருந்தால் வேறு எதைச் சரிசெய்தும் பயனில்லை. இயந்திரத்தைக் கனமான மேசையிலோ ஸ்டாண்டிலோ போல்ட் போட்டு இறுக்குங்கள். மெல்லிய பிளைவுட் மேசை அதிர்வைப் பெருக்கித்தான் காட்டும். உட்கார்ந்து அறுப்பவர்கள் இயந்திரத்தின் பின்கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து மேசையைத் தங்கள் பக்கம் லேசாகச் சாய்த்துக்கொள்வது உண்டு. கழுத்து வலி கணிசமாகக் குறையும். முழங்கை மேசை உயரத்தில் இருப்பது நல்லது. தோள் தூக்கி இருந்தால் கை தானாகவே மரத்தை அழுத்தும்.

பிளேடு

பிளேடு எண் ஏற ஏற அகலமும் தடிமனும் கூடும்: 2/0, 0, 1, 3, 5, 7, 9, 12 என்று போகும். 3 மி.மீ. பலகையில் நுணுக்கமான வேலைக்கும், துண்டுகள் இறுக்கமாகப் பொருந்த வேண்டிய ஜிக்சா புதிருக்கும் 2/0 அல்லது 0. ஆறு மி.மீ. வரையிலான ஜாலி வேலைக்கு 1 முதல் 3. ஆறிலிருந்து 20 மி.மீ. வரையிலான பொதுவேலைக்கு 5. ஓர் அங்குலக் கடினமரத்துக்கு 7 அல்லது 9. ஒன்றரை, இரண்டு அங்குலத்துக்கு 12. மரம் வைரம் பாய்ந்து கனமாக இருந்தால் ஓர் எண் மேலே போங்கள், மென்மரத்துக்கு ஓர் எண் கீழே வாருங்கள். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாதவர் 3, 5, 7 மூன்றையும் ஒவ்வொரு டஜன் வாங்கி வைத்துக்கொண்டால் முதல் சில மாதங்களுக்கு வேறு எதுவும் தேவைப்படாது. மெல்லிய பிளேடு நுணுக்கமாக வெட்டும் என்று 2/0-ஐ முக்கால் அங்குல மரத்தில் ஓட்டுவதுதான் அடிக்கடி நடக்கிற தவறு. அது வெட்டாது, வளையும்.

பற்களின் அமைப்பும் முக்கியம். ஒரு பல் விட்டு ஒரு பல் உள்ள ‘ஸ்கிப் டூத்’ தூளை நன்றாக வெளியே தள்ளும், சூடு குறைவு. ‘ரிவர்ஸ் டூத்’ பிளேடில் கீழ்முனையில் உள்ள சில பற்கள் மட்டும் மேல்நோக்கி இருக்கும். மரத்தின் அடிப்பக்கம் சிலும்பாமல் இருக்க இவைதான் காரணம், பிளைவுட்டுக்கு இவை இல்லாமல் முடியாது. ஆனால் சரியாக மாட்டினால்தான் பலன். பிளேடு ஓட்டத்தின் உச்சியில் இருக்கும்போது மேல்நோக்கிய பற்களில் இரண்டு மூன்று மேசைக்கு மேலே தெரிய வேண்டும். ஒன்றும் தெரியாவிட்டால் அவை காற்றில் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம், பிளேடைப் பிடியில் சற்று மேலே ஏற்றி மாட்டுங்கள். ஐந்தாறு தெரிந்தால் மரத்தைத் தூக்கி அடிக்கும், கொஞ்சம் இறக்குங்கள். முன்பு சொன்ன உயர்த்தும் பலகையைப் போட்டால் இந்தப் பற்கள் பலகைக்குள்ளேயே புதைந்துவிடும். அப்போது அடிப்பக்கச் சுத்தத்தை எதிர்பார்க்கக் கூடாது.

முறுக்கிய ‘ஸ்பைரல்’ பிளேடு எல்லாத் திசையிலும் வெட்டும், மரத்தைத் திருப்பவே வேண்டாம். முக ஓவியம் அறுப்பவர்களுக்கும், பிளேடுக்கும் பின்னால் உள்ள தூணுக்கும் நடுவே சுழற்ற முடியாத பெரிய பலகைக்கும் இது சரி. மற்றபடி அறுப்புத் தடம் அகலமாகவும் கரடாகவும் இருக்கும், கூர்மையான மூலை வராது. தொடக்கக்காரர்கள் இதை எளிது என்று நினைத்து வாங்குவார்கள். உண்மையில் கோட்டில் நிற்க வைக்கக் கஷ்டமான பிளேடு இதுதான்.

பிளேடு எந்தப் பக்கம் மேல் என்று குழப்பம் வந்தால் சட்டைக் கையில் லேசாக உரசிப் பாருங்கள். கீழே இழுக்கும்போது துணியில் மாட்ட வேண்டும், மேலே இழுக்கும்போது வழுக்க வேண்டும். பற்கள் உங்களைப் பார்த்து, கீழ்நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் பிளேடு ஏறும் ஒவ்வொரு தடவையும் மரம் துள்ளும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

இனி, புதியவர்களை மிகவும் குழப்பும் ஒரு விஷயம். மரத்தை நேராகப் பின்னால் தள்ளினாலும் கோடு ஒரு பக்கமாக விலகும். இதில் கையின் குற்றம் எதுவும் இல்லை. சாதாரண பிளேடுகளைத் தயாரிக்கும்போது ஒரு விளிம்பில், பெரும்பாலும் வலப்பக்கத்தில், மெல்லிய பிசிறு நிற்கும். அந்தப் பக்கம் கூர்மை அதிகம், ஆகவே பிளேடு வலப்பக்கம் வெட்டிக்கொண்டு போகப் பார்க்கும். அதை மறுத்து இழுத்துப் பிடித்தால் பிளேடு பக்கவாட்டில் வளைகிறது, அப்புறம் முதல் பத்தியில் சொன்ன எல்லாம் தொடங்கும். இதற்கு வழி, அதன் போக்குக்கு ஏற்ப மரத்தைத் தள்ளும் திசையைச் சில டிகிரி மாற்றுவதுதான்: வலப்பக்கத்திலிருந்து சற்றே இடப்பக்கமாக, பின்னோக்கி. எவ்வளவு என்பது பிளேடுக்குப் பிளேடு மாறும். கழிவுப் பலகையில் ஒரு நேர்க்கோடு போட்டு, பிளேடு எந்தக் கோணத்தில் கோட்டில் தானாக நிற்கிறதோ அதைக் கண்டுபிடியுங்கள். நெளிகோடு அறுக்கும்போது இது தெரியவே தெரியாது. நேர்க்கோடுதான் காட்டிக்கொடுக்கும். ஸ்க்ரோல் சாவில் மிகக் கடினமான வெட்டு நீண்ட நேர்க்கோடு என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

பிசிறைக் குறைக்க, இயந்திரம் ஓடும்போது மெல்லிய சாணைக்கல் ஒன்றை பிளேடின் வலப்பக்கத்தில் ஓரிரு நொடி மட்டும் லேசாகத் தொட்டு எடுப்பார்கள். அதே கல்லால் பிளேடின் முதுகின் இரு மூலைகளையும் கொஞ்சம் உருட்டிவிட்டால் இறுக்கமான திருப்பங்களில் முதுகு மரத்தில் இடிக்காது. பற்களில் மட்டும் பட்டுவிடக் கூடாது. அரைத்துத் தயாரிக்கும் விலை கூடிய பிளேடுகளில் இந்த விலகல் குறைவு.

பிளேடு தீர்ந்துபோகும் பொருள். மரத்தையும் தடிமனையும் பொறுத்து கால் மணி நேரத்திலிருந்து முக்கால் மணி நேரம் வரை உழைக்கும், கனமான மரத்தில் அதற்கும் குறைவு. அறுந்துபோகும் வரை ஓட்டுவது சிக்கனமே இல்லை. அதற்குள் வீணாகும் மரத்தின் விலை பிளேடு விலையை விட அதிகம். முன்பு தானாக நகர்ந்த மரத்தை இப்போது தள்ள வேண்டியிருக்கிறது என்று கை உணர்ந்த நொடியே மாற்றிவிட வேண்டும்.

விறைப்பும் செங்குத்தும்

பிளேடை மாட்டி விறைப்பு ஏற்றியதும் கிதார் தந்தியைப் போல விரலால் சுண்டிப் பாருங்கள். மந்தமான ‘டொப்’ கேட்டால் தளர்ச்சி. தெளிவாக, உயர்ந்த சுருதியில் ஒலிக்க வேண்டும். இன்னொரு சோதனை: இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பிளேடின் நடுவில் விரலால் பக்கவாட்டில் மிதமாக அழுத்தினால் 3 மி.மீ.க்கு மேல் நகரக் கூடாது. தளர்வான பிளேடைவிட இறுக்கமான பிளேடே நல்லது, பிடிகள் தாங்கும் வரை.

இறுக்கினாலும் பிளேடு பிடியிலிருந்து வழுக்கி வெளியே வந்தால் திருகை முறுக்கித் தள்ளாதீர்கள். புது பிளேடுகள் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசி வரும். முனைகளைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, பிடியின் உள்முகத்தை 220 உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு தேய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிடித் திருகின் நுனி தேய்ந்து மொட்டையாகியிருந்தால் அதை மாற்ற வேண்டியதுதான்.

மேசை பிளேடுக்குச் சரியாக 90 டிகிரியில் இருக்கிறதா என்று மேசைக்கு அடியில் உள்ள அளவுகோலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது ஒரு தோராயம். சின்ன மூலைமட்டத்தை பிளேடோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். மூலைமட்டம் இல்லாவிட்டாலும் வழி உண்டு. 20 மி.மீ. கழிவுக்கட்டையில் 2 மி.மீ. ஆழம் மட்டும் வெட்டி நிறுத்துங்கள். கட்டையை அப்படியே அரைவட்டம் திருப்பி பிளேடின் பின்பக்கம் கொண்டுவாருங்கள். வெட்டிய பள்ளத்துக்குள் பிளேடின் முதுகு தடையில்லாமல் நுழைந்தால் மேசை சரி. மேலே பொருந்தி கீழே விலகினால் சாய்வு இருக்கிறது, விலகலில் பாதியைத் திருத்தினால் போதும்.

விறைப்பு, செங்குத்து, கை அழுத்தம் மூன்றையும் ஒரே வெட்டில் சோதிக்க ஒரு வழி இருக்கிறது, எல்லோரும் செய்து பார்க்க வேண்டியது. 20 மி.மீ. கட்டையின் நடுவில் துளை போட்டு, ஒரு ரூபாய் நாணய அளவில் ஒரு வட்டத்தை அறுத்து எடுங்கள். வட்டத் துண்டு மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் தடையில்லாமல் வெளியே வந்தால் எல்லாம் சரி. ஒரு பக்கம் மட்டும் வந்தால் துண்டு கூம்பாக இருக்கிறது, மேசை சாய்ந்திருக்கிறது. எந்தப் பக்கமும் வராமல் சிக்கிக்கொண்டால், துண்டின் நடுப்பகுதி பீப்பாய் மாதிரி பிதுங்கியிருக்கிறது அல்லது இடுங்கியிருக்கிறது. அறுக்கும்போது பிளேடு வில்லாக வளைந்ததன் அடையாளம் அது. விறைப்பைக் கூட்டி, தடித்த பிளேடு மாட்டி, மெதுவாகத் தள்ளி மறுபடி பாருங்கள். அப்படியும் துண்டு சிக்கினால் குற்றம் கையழுத்தத்தில்தான்.

மரமும் வரைபடமும்

பயிற்சிக்கு நல்ல பிளைவுட் போதும். பால்டிக் பிர்ச் என்று விற்கப்படுவதில் 6 மி.மீ. பலகைக்கு ஐந்து அடுக்கு, 3 மி.மீ.க்கு மூன்று அடுக்கு இருக்கும், உள்ளே பொந்துகள் குறைவு. மலிவான பிளைவுட்டில் உள்ளடுக்கில் ஓட்டை இருந்தால் மெல்லிய பாலம் (இரண்டு வெட்டுகளுக்கு நடுவே நிற்கும் மரப்பகுதி) ஒன்று காரணமே தெரியாமல் ஒடியும். எல்லா பிளைவுட்டிலும் உள்ள பசை பற்களைச் சீக்கிரம் மழுக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேக்கில் சிலிக்கா இருப்பதால் பிளேடு வேகமாக மழுங்கும். ஈட்டி எண்ணெய்ப் பசை உள்ள மரம், ஒட்டும் முன் ஒட்டும் பரப்பை அசிட்டோனால் துடைத்தால்தான் பசை பிடிக்கும். செர்ரியும் மேப்பிளும் எளிதில் கருகும். பைன் மலிவு, மென்மை, ஆனால் அதன் ஆண்டு வளையங்களில் ஒன்று மெத்தென்றும் அடுத்தது கெட்டியாகவும் இருக்கும். பிளேடு கெட்டி வரியில் முட்டி, மெத்தென்ற வரியிலேயே ஓடப் பார்க்கும். மென்மரம் என்பதால் பழக எளிது என்று சொல்லி பைனைக் கையில் கொடுப்பது சரியான ஆலோசனை அல்ல.

முழுமரமானால் நாரின் ஓட்டத்தைப் பார்த்துத்தான் வரைபடத்தை வைக்க வேண்டும். நீண்ட மெல்லிய பகுதிகள் நாரோடு ஓட வேண்டும். நாருக்குக் குறுக்காக விழும் 3 மி.மீ. பாலம் உப்புத்தாள் தேய்க்கும்போதே ஒடியும். எல்லாத் திசையிலும் மெல்லிய கோடுகள் உள்ள படமானால் பிளைவுட்டுக்கே போய்விடுங்கள். பலகை கொஞ்சம் கிண்ணமாக வளைந்திருந்தால் குழிந்த பக்கம் கீழே இருக்கட்டும். அப்போது இரு ஓரங்களும் மேசையில் ஊன்றும், ஆடாது.

மரத்தை 220 உப்புத்தாள் வரை முதலிலேயே தேய்த்துவிட வேண்டும். ஜாலி அறுத்த பிறகு தேய்க்கப் போனால் பாதி ஒடியும். தூளைத் துடைத்துவிட்டு, பரப்பு முழுக்க மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அதன் மேல் வரைபடத் தாளை ஒட்டுங்கள். தாளின் பின்பக்கம் ஸ்ப்ரே பசை அடித்து அரை நிமிடம் பிசுபிசுப்பாக விட்டு ஒட்டினால் நன்றாகப் பிடிக்கும். பசைக்குச்சியும் சரிதான். மரத்தில் நேரடியாகப் பசை போட்டு ஒட்டினால் தாளைச் சுரண்டி எடுப்பதிலேயே ஒரு மாலை போய்விடும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரிசை பாக்கிங் டேப். மரம் கருகுவது இதனால் வெகுவாகக் குறையும். டேப் உருளையில் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கப் பூசிய வழுக்குப் பூச்சு பிளேடுக்கு மசகாக உதவுகிறது என்பதே வழக்கமான விளக்கம். ஒரே செர்ரித் துண்டில் பாதிக்கு டேப் ஒட்டி, பாதிக்கு ஒட்டாமல் அறுத்துப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

துளை

துளை பிளேடைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் போதும். ஐந்தாம் எண்ணுக்கு 1.6 மி.மீ. பிட், 2/0-க்கு 1 மி.மீ. போதுமானது. அடியில் ஒரு கழிவுப் பலகையை வைத்து, கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு துளை போடுங்கள். இல்லாவிட்டால் அடிப்பக்கம் சிலும்பும். துளையின் இடம் எப்போதும் கழிவுப் பகுதிக்குள், ஒரு மூலைக்குப் பக்கத்தில். நீண்ட வளைவின் நடுவில் தொடங்கினால் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேரும்போது ஒரு சின்ன மேடு நிற்கும், அதைத் தேய்த்து எடுப்பது எளிதல்ல. மூலையில் தொடங்கினால் சேர்க்கை மறைந்துவிடும். எல்லாத் துளைகளும் போட்டபின் அடிப்பக்கத்தை ஒரு தடவை உப்புத்தாளால் தேய்த்து விடுங்கள். அங்கே நிற்கும் சிராய்கள் மேசையில் உரசி மரத்தைத் தடுக்கும், தடுத்ததும் கை கூடுதலாகத் தள்ளும்.

அறுப்பு

இரு கைகளின் விரல்களும் மரத்தின் மேல் தட்டையாக இருக்கட்டும். ஒரு விரல் பிளேடுக்குப் பக்கத்தில் நங்கூரம், மற்றவை திருப்புவதற்கு. மரத்தைக் கீழே அழுத்துவதும் பின்னால் தள்ளுவதும் இரண்டு வேறு வேலைகள். அடிக்கடி இரண்டும் கலந்துவிடும். கீழே அழுத்தம் தாராளமாக இருக்கலாம், தள்ளல் மட்டும் பிளேடு எவ்வளவு வேகத்தில் தின்கிறதோ அவ்வளவுதான். கையை லேசாக விட்டால் பிளேடு சட்டென்று முன்னே தாவி நேராவது போலத் தோன்றினால், இவ்வளவு நேரம் அது வளைந்தே இருந்தது என்று புரிந்துகொள்ளுங்கள்.

வேகம் பற்றி ஒரே விதி கிடையாது. 3 மி.மீ. பலகையில் நுணுக்கமான வேலைக்கு 600, 800 போதும், இல்லாவிட்டால் கண் பின்தங்கும். ஓர் அங்குலக் கடினமரத்துக்கு 1200-க்கு மேல். அக்ரிலிக் தகட்டைக் குறைந்த வேகத்தில், பெரிய பற்கள் உள்ள பிளேடில், பாக்கிங் டேப் ஒட்டித்தான் அறுக்க வேண்டும். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகி, பின்னாலேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும். அறுத்து முடித்துவிட்டுத் துண்டை எடுக்கப் போனால் வெட்டே இல்லாத மாதிரி நிற்கும்.

கூர்மையான உள்மூலைக்கு இரண்டு வழி. முதலாவது: கோட்டின் வழியாக மூலை வரை போய், அதே தடத்தில் சில மி.மீ. பின்வாங்கி, கழிவுப் பகுதியில் குறுக்கே வளைந்து அடுத்த கோட்டுக்குப் போய், பிறகு மறுபக்கத்திலிருந்து வந்து மூலையை முடிப்பது. இரண்டாவது, நின்ற இடத்திலேயே திருப்புவது: மூலையை அடைந்ததும் தள்ளலை விட்டு, பிளேடின் முதுகைக் கழிவுப் பக்கமாக மிக லேசாகச் சாயவிட்டு, மரத்தைத் தயங்காமல் ஒரே சீராகச் சுழற்றுவது. தயங்கினால் அந்த இடத்தில் ஒரு சின்னக் குழி விழும். 5-ஆம் எண் வரை இது எளிது. 9-இல் முயன்றால் மூலை உருண்டுவிடும். வெளிமூலைக்கு இத்தனை பாடு வேண்டாம், கோட்டைத் தாண்டி கழிவுக்குள் போய் ஒரு வட்டம் அடித்து அடுத்த கோட்டில் நுழைந்தால் மூலை கத்தியாக இருக்கும்.

கோடு விலகிவிட்டால் உடனே சட்டென்று திருப்பாதீர்கள், அங்கேதான் கண்ணை உறுத்தும் மேடு உண்டாகும். அடுத்த இரண்டு மூன்று செ.மீ.யில் மெதுவாகக் கோட்டுக்குத் திரும்புங்கள். தாளை உரித்த பிறகு கோடு எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது, வளைவு ஓட்டமாக இருக்கிறதா என்பது மட்டும்தான் தெரியும்.

ஜாலி வேலையில் நடுவிலிருந்து வெளியே போங்கள். சின்னத் துண்டுகளை முதலில், பெரிய துண்டுகளைக் கடைசியில், வெளிக்கோட்டை எல்லாவற்றுக்கும் பிறகு. பெரிய துண்டை முதலில் எடுத்துவிட்டால் அதன் பக்கத்தில் இருக்கும் மெல்லிய பாலங்கள் தாங்க ஆளின்றி அதிரும். ஏற்கெனவே வெட்டிய கழிவுத் துண்டை அதன் இடத்திலேயே திரும்ப வைத்து டேப் ஒட்டிவிட்டு அடுத்ததை அறுப்பதும் நல்ல உத்தி.

பிளேடு அறுந்த இடத்தையும் பார்க்கப் பழகுங்கள். நடுவில் அறுந்தால் பெரும்பாலும் தள்ளல் அதிகம் அல்லது பிளேடு மழுங்கிவிட்டது. பிடியின் ஓரத்தில் அறுந்தால் பிளேடு பிடிக்குள் கோணலாக மாட்டப்பட்டிருக்கும், அல்லது மேல்பிடியும் கீழ்ப்பிடியும் ஒரே நேரில் இல்லை. அறுந்ததும் மேல்பாதி சில நொடிகள் ஊசி மாதிரி மேலும் கீழும் குத்திக்கொண்டிருக்கும். மரத்தைத் தூக்காமல், கையை விலக்கி, சுவிட்சை அணையுங்கள்.

அடுக்கி அறுப்பதும் சாய்த்து அறுப்பதும்

ஒரே வடிவத்தில் பல வேண்டுமென்றால் 3 மி.மீ. பலகை நான்கை அடுக்கி 12 மி.மீ. கட்டையாக அறுக்கலாம். ஓரங்களைச் சுற்றி டேப் ஒட்டினால் பெரும்பாலும் போதும். நடுப்பகுதி நழுவாமலிருக்க, கழிவாகப் போகும் இடங்களில் மட்டும் இருபக்க டேப் வையுங்கள். மொத்தம் 20 மி.மீ.யைத் தாண்ட வேண்டாம். பிளேடு கொஞ்சம் வளைந்தாலும் மேல் துண்டும் கீழ்த் துண்டும் வேறு வேறு அளவில் வரும். ஒற்றைப் பலகையில் தெரியாமல் போகிற குற்றம் அடுக்கில் அம்பலமாகும். அடுக்கின் அடியில் ஒரு கழிவு பிளைவுட்டைச் சேர்த்தால் கீழ்ப் பலகையும் சிலும்பாது.

ஒரு மரத்துக்குள் வேறு நிற மரத்துண்டைப் பதிக்கும் உள்பதிப்பு வேலைதான் இந்த இயந்திரத்தின் உண்மையான கெட்டிக்காரத்தனம். நிறம் மாறிய இரண்டு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, மேசையைச் சில டிகிரி சாய்த்து, வட்டம் முழுக்க மரத்தை ஒரே சுழற்சித் திசையில் திருப்பி அறுத்தால், மேல்பலகையிலிருந்து வரும் துண்டு கீழ்ப்பலகையின் ஓட்டைக்குள் இடைவெளியே இல்லாமல் உட்காரும். சாய்வினால் துண்டு கீழே குறுகிய கூம்பாக வருவதால், அறுப்பில் போன தூளின் அகலத்தை அது கீழே இறங்கும்போது ஈடுகட்டிவிடுகிறது. கணக்கும் எளிது: கோணத்தின் சைன் மதிப்பு, அறுப்புத் தடத்தின் அகலத்தை ஒரு பலகையின் தடிமனால் வகுத்தால் வருவது. தடம் 0.4 மி.மீ., பலகை 6 மி.மீ. என்றால் 3.8 டிகிரி. பலகை 3 மி.மீ. என்றால் 7.7 டிகிரி. தடம் பிளேடின் தடிமனைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும் என்பதால் கணக்கை நம்பி நேராக நல்ல மரத்தில் போகக் கூடாது. கழிவில் ஒரு வட்டம் அறுத்துப் பாருங்கள். துண்டு பாதியிலேயே நின்றால் கோணத்தைக் கூட்டவும், ஆழ்ந்து போனால் குறைக்கவும்தான் கை தானாகப் பார்க்கும், உண்மை நேர்மாறு. பாதியில் நின்றால் சாய்வு அதிகம், குறைக்க வேண்டும். மட்டத்துக்குக் கீழே இறங்கினால் சாய்வு போதவில்லை, கூட்ட வேண்டும். அறுக்கும்போது நடுவில் சுழற்சித் திசையை மாற்றினால் கூம்பு தலைகீழாகி அந்த இடத்தில் இடைவெளி விழும்.

தூளும் முடிப்பும்

விரல் போகும் ஆபத்து மற்ற ரம்பங்களைவிட இதில் குறைவு. தூள்தான் இங்கே உண்மையான தொல்லை. மெல்லிய பற்கள் மாவு மாதிரித் தூளைக் கிளப்புகின்றன, அதற்கு நேர் மேலேதான் முகத்தை வைத்துக் குனிந்திருக்கிறோம். இயந்திரத்தோடு வரும் ஊதுகுழாய் கோட்டைச் சுத்தமாக வைக்கும், கூடவே தூளை நம் மூக்குக்கும் அனுப்பும். வாக்குவம் குழாயை மேசைக்கு அடியில் பொருத்துங்கள், என்95 தர முகக்கவசம் அணியுங்கள். மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையின் தூள் இன்னும் மோசம். ஈட்டி, வால்நட், சீடர் தூள்கள் சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை உண்டாக்கும்.

அறுத்து முடித்ததும் டேப்பை நாரின் திசையில், தாழ்வாக மடக்கி உரியுங்கள். நேராக மேலே இழுத்தால் மெல்லிய பாலங்கள் கூடவே வரும். பிடிவாதமாக ஒட்டியிருந்தால் ஹேர் டிரையரால் சில நொடி சூடு காட்டுங்கள். ஓட்டைகளின் அடிப்பக்கத்தில் நிற்கும் நார்களுக்கு மெல்லிய ஊசி அரம், இல்லாவிட்டால் பழைய டூத் பிரஷ்.

ஜாலி வேலைக்கு பிரஷால் வார்னிஷ் அடிக்கப் போகாதீர்கள், ஒவ்வொரு மூலையிலும் சொட்டி நிற்கும். அகலமான தட்டில் ஆளிவிதை எண்ணெய் அல்லது டேனிஷ் ஆயிலை ஊற்றி, வேலையை அப்படியே முக்கி எடுத்து, வடியவிட்டு, கால் மணி நேரம் கழித்து ஊறாமல் நிற்பதைத் துடையுங்கள். ஓட்டைகளில் தேங்கியதை ஊதுகுழாயால் வெளியேற்றலாம். ஒரு நாள் காயவிட்டு இரண்டாவது தடவை மெல்லிய பூச்சு. துடைத்த துணிகளைக் கசக்கி மூலையில் போட வேண்டாம். இந்த எண்ணெய்கள் காயும்போது வெப்பம் வெளியாகும், குவியலாகக் கிடக்கும் துணி தானாகவே தீப்பிடிக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்து வெளியே விரித்துப் போட்டு, விறைத்துக் காய்ந்த பிறகு குப்பையில் சேருங்கள். உடனே அகற்ற வேண்டுமானால், தண்ணீர் நிரப்பி மூடிய தகர டப்பாவில் முக்கி வையுங்கள்.